சேற்றின் மேலடுக்கு

குழாய் மேலே வந்ததும் டோர்குன் கையுறையோடு மூக்கைப் பொத்திக்கொண்டாள். அழுகிய முட்டையும் துருப்பிடித்த இரும்பும் கலந்த மாதிரி ஒரு வாடை. பிறந்ததிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிற ஏரி இது. இதன் வயிற்றுக்குள் இப்படியொரு வாடை இருக்குமென்று அவள் நினைத்ததே இல்லை.

பிப்ரவரி மாதம். ரோவாட்ன் ஏரி கரைக்குக் கரை உறைந்து கிடந்தது. அவள் கணவன் ஒட்வார் பனிக்கட்டியில் துளை போட்டுக் கொடுத்திருந்தான். தலைநகரத்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த விக்டிஸ் அந்தத் துளையருகே மண்டியிட்டு உட்கார்ந்து, உள்ளே இருப்பது தெரியும் நீளக் குழாயொன்றை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். குழாய்க்குள் ஏரியின் அடிச்சேறு கலங்காமல் நின்றது. அடியில் சாம்பல் நிறம். மேலே வர வரக் கறுப்பு. உச்சியில் பழுப்பாகக் கொஞ்சம் கூழ்.

"பாத்தியா டோர்குன்," என்றான் ஒட்வார். "ஊர் உலகத்துல எல்லாரும் ஏரிக்கு மீன் பிடிக்க வருவாங்க. இந்தப் பொண்ணு சேறு பிடிக்க வந்திருக்கா. அம்மாடி, சேறு வேணும்னா பனி உருகற ஏப்ரல் மாசம் எங்க வீட்டு வாசலுக்கு வரலாமே, வண்டி வண்டியா அள்ளிக் குடுப்பேன்."

"உங்க வாசல் சேறு நேத்து வந்தது ஒட்வார்," என்று விக்டிஸ் சிரித்தாள். "இது வருஷா வருஷம் ஒரு மடிப்பு மடிப்பா படிஞ்சது. உச்சியில இருக்கறது போன வருஷம். நாலு விரல் கீழ போனா உங்க கல்யாணம்."

"ஐயையோ, அங்க மட்டும் கை வைக்காதே. அன்னிக்கு நான் குடுத்த வாக்கெல்லாம் வெளிய வந்துடும்."

"வந்தாதான் என்ன, ஒண்ணையாவது காப்பாத்தினியா?" என்றாள் டோர்குன், பிளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊற்றியபடி. ஏலக்காய் போட்ட பன்னும் கொண்டு வந்திருந்தாள். ஒட்வாருக்குப் பனிக்கட்டி மேல் பேச ஆள் கிடைத்துவிட்டால் சாப்பாட்டு நேரம் நினைவிருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

விக்டிஸ் காப்பிக் கோப்பையைப் பனியில் நட்டுவைத்துவிட்டுச் சேற்றை மெல்லிய வில்லைகளாக வெட்டத் தொடங்கினாள். ஒவ்வொரு வில்லையையும் தனித்தனி டப்பாவில் போட்டாள். வெட்டிக்கொண்டே கேட்டாள்: "நீங்க ஆலையில வேலை பாக்கறீங்களாமே, ஒட்வார் சொன்னார். எந்தப் பக்கம்?"

"ஃபினிஷிங். துணிக்கு முதுகுல பூச்சுப் பூசற எடம். தீப்பிடிக்காத திரைச்சீலை, சீட்டுத் துணி. நீ ஏறுற கப்பல், தங்கற ஓட்டல், எல்லாத்துலயும் எங்க துணிதான் தொங்கும்." டோர்குன் குரலில் பெருமை இருந்தது.

விக்டிஸின் கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி வெட்டியது. "ஓ," என்றாள்.

புறப்படும்போது மீனும் வேண்டும் என்றாள். ஒட்வார் காலையில் பிடித்துப் போட்ட லாகெ மீன்கள் பனியில் விறைத்துக் கிடந்தன. விலாங்குபோல உடம்பு, தாடையில் ஒற்றை மீசை, ஏரியின் அடிச்சேற்றோடு ஒட்டி வாழ்கிற மீன். பார்க்க அவலட்சணம்; ஆனால் பனிக்காலத்தில் அதன் ஈரலுக்காக ஊரே நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும்.

"மீனை எடுத்துக்கோ. ஈரலை விட்டுடு," என்றான் ஒட்வார். "அது என் பொண்ணுக்கு. பிள்ளை பெத்தவ, பால் குடுக்கறா. வாராவாரம் நான்தான் கொண்டுபோய்க் குடுக்கறேன்."

"ஈரல்தான் முக்கியமா வேணும் ஒட்வார்," என்றாள் விக்டிஸ். குரல் தணிந்திருந்தது. "அப்புறம், உங்க பொண்ணு சம்மதிச்சா அவங்களையும் நான் பாக்கணும்."

*

டோர்குன் அந்த ஆலைக்குப் போனது சம்பளத்துக்காக மட்டுமில்லை.

அவளுடைய பதின்பருவத்தின் கடைசியில், குன்றின் மேலிருந்த மர ஆஸ்பத்திரி எரிந்துபோயிற்று. பித்தப்பை ஆபரேஷனுக்குப் படுத்திருந்த அவள் அம்மா வெளியே வரவில்லை. மின்சாரக் கணப்பு மேல் திரைச்சீலை பட்டது, அவ்வளவுதான் என்றார்கள். திரைச்சீலையில் பிடித்த நெருப்பு ஒரு வார்டைக் கடக்க, ஒரு ஆள் ஓடிப்போய் வாளியில் தண்ணீர் கொண்டுவரும் நேரம்கூட ஆகவில்லை. கீழே சாலையில் ஊர் ஜனங்களோடு நின்று அதை அவள் பார்த்தாள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. வரிசை தவறாமல், யாரோ உள்ளே நடந்துபோய் விளக்கேற்றுவதுபோல.

பிறகு சட்டம் வந்தது. பொது இடங்களில் தீப்பிடிக்கும் துணி தொங்கக் கூடாது என்றார்கள். மூடிவிடலாமா என்று தள்ளாடிக்கொண்டிருந்த நெஸ்விகா நெசவாலைக்கு அதுவே மறுவாழ்வு. மூட்டை மூட்டையாக வெள்ளைத் தூள் வந்து இறங்கியது. அதைக் குழைத்துத் துணியின் முதுகில் பூசினால், தீக்குச்சியைக் கொளுத்தி வைத்தாலும் கருகுமே தவிரப் பற்றாது. முதல் நாள் மேஸ்திரி அதைச் செய்து காட்டியபோது டோர்குன் கூடம் நிறைய ஆட்கள் இருப்பதையும் மறந்து அழுதாள்.

அதற்குப் பிறகு அவளை அந்தப் பூச்சுத் தொட்டியிடமிருந்து யாராலும் பிரிக்க முடியவில்லை. வேறு பிரிவுக்கு மாற்றித் தருகிறோம் என்றபோதும் மறுத்துவிட்டாள். வாரக் கடைசியில் தொட்டியில் மிஞ்சிய பாலை வடித்துக் கழுவுவதும் அவள் வேலை. அதைப் 'பால்' என்றுதான் சொல்வார்கள். அப்படி வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். வால்வைத் திருகினால் தரைக்கடியில் குழாய் வழியாக ஓடிப் போய்விடும். தண்ணீரில் கரையாது, பாதாளத்துக்குப் போய்ப் படிந்துவிடும், ஒரு உயிருக்கும் கெடுதல் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். சொன்னவர்கள் படித்தவர்கள். அவளும் நம்பினாள். நம்பாமலிருக்க அவளுக்குக் காரணமும் இல்லை.

*

விக்டிஸ் மறுபடி வந்தபோது ஏரிப் பனி நைந்து கறுத்திருந்தது. யாரும் அதன்மேல் காலை வைக்காத பருவம். போனில் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வண்டியை ஓட்டிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தாள். அதைப் பார்த்தே நல்ல சேதி இல்லை என்று டோர்குனுக்குப் புரிந்தது.

அன்று மகள் கூரோவும் வந்திருந்தாள், மடியில் குழந்தை ஈவர். பால் குடித்த மயக்கத்தில் வாய் ஓரம் வழிய, முஷ்டியை மூடித் தூங்கிக்கொண்டிருந்தான். டோர்குன் மேசையில் பழுப்புப் பாலாடைக்கட்டியும் அப்பமும் எடுத்து வைத்தாள். விக்டிஸ் தொடவில்லை.

"ஏரிச் சேத்துல புரோமின் சேர்ந்த ஒரு பொருள் இருக்கு," என்றாள். "துணி எரியாம இருக்கப் போடறது. கீழடுக்குல இல்லை. ஆஸ்பத்திரி எரிஞ்ச காலத்துக்கு மேல இருக்கற அடுக்குலேர்ந்து ஆரம்பிக்குது. மேல வர வர ஏறிக்கிட்டே போகுது. இந்த நாட்டுல வேற எந்த ஏரியிலயும் நாங்க இவ்வளவு பாத்ததில்லை."

"சேத்துலதானே?" என்றாள் டோர்குன்.

"சேத்துலேர்ந்து புழுவுக்கு. புழுவுலேர்ந்து சின்ன மீனுக்கு. அதுலேர்ந்து லாகெக்கு. கொழுப்புல போய்த் தங்கிடும். ஈரல் முழுக்கக் கொழுப்புதானே." விக்டிஸ் கூரோவைப் பார்த்தாள். "உங்ககிட்ட வாங்கிட்டுப் போன பாலையும் பாத்தோம்."

கூரோ குழந்தையின் வாயோரத்தைத் துடைத்தாள்.

"சொல்லுங்க," என்றாள் கூரோ.

"அதிகமா இருக்கு. மத்த ஊர்த் தாய்மார்களைவிட ரொம்ப அதிகம். ஆனா பால் குடுக்கறதை நிறுத்தாதீங்க, டாக்டர்களும் அதையேதான் சொல்றாங்க. தாய்ப்பாலோட நன்மை இதைவிடப் பெருசு. இனிமே ஈரலைத் தொடாதீங்க. அவ்வளவுதான்."

"என் பையனுக்கு என்ன ஆகும்?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"எலிக்கு என்ன ஆச்சுன்னு தெரியும். குழந்தைங்களுக்கு என்ன ஆகும்னு இன்னும் யாருக்கும் தெரியாது கூரோ. உங்ககிட்டப் பொய் சொல்ல நான் இவ்வளவு தூரம் வரலை."

கூரோ குனிந்து மகனைப் பார்த்தாள். "அப்ப இது உள்ள போகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டே நான் குடுக்கணும். பசிக்குதுன்னு அவன் அழுவான், நான் எடுத்துக் குடுக்கணும். சிரிச்சுக்கிட்டே."

ஒட்வார் அதுவரை கதவோரம் நின்றிருந்தான். திடீரென்று பின்கட்டுக்குப் போனான். குளிர்பெட்டி மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பனிக்காலம் முழுக்கச் சேர்த்துவைத்த ஈரல் பொட்டலங்களை ஒரு வாளியில் வாரிப்போட்டுக்கொண்டு முற்றத்துக்கு வந்தவன், அதை எங்கே கொட்டுவதென்று தெரியாமல் நின்றான். குப்பையில் போட்டால் நரி தின்னும். புதைத்தால் கிணற்றுக்கு இறங்கும். ஏரியில் போட முடியாது. வாளியைக் கையில் தூக்கியபடி அவன் நின்ற கோலத்தை டோர்குன் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் அப்படி வாயடைத்து நின்று அவள் பார்த்ததில்லை.

"அம்மா," என்றாள் கூரோ பின்னாலிருந்து. "பாட்டிக்காகத்தான் நீ அந்த வேலைக்குப் போனே. அது எனக்குத் தெரியும். நான் உன்னைக் குத்தம் சொல்லலை."

குற்றம் சொல்லியிருந்தால் தேவலை என்று டோர்குனுக்குத் தோன்றியது.

*

செய்தி பத்திரிகையில் வந்தது. கோடை தொடங்கும்போது ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். அதற்கு முந்தின நாள் ஆலை மேனேஜர் ஆஸ்முண்ட் தொட்டியருகே வந்து டோர்குனின் தோளில் கை வைத்தார். நல்ல மனிதர். அவள் கல்யாணத்துக்கு வந்து ஆடியவர்.

"நாளைக்கு நீ ரெண்டு வார்த்தை பேசணும் டோர்குன். நான் பேசினா மேனேஜர் பேசறான்பாங்க. உன் அம்மாவைப் பத்திச் சொல்லு. நாம எதுக்கு இந்தத் துணியைச் செய்யறோம்னு ஜனங்களுக்கு ஞாபகப்படுத்து. அது போதும்."

"பேசறேன்," என்றாள் அவள்.

மண்டபம் நிரம்பியிருந்தது. பாதிப் பேருக்கு ஆலைச் சம்பளம், மீதிப் பேருக்கு அந்தச் சம்பளக்காரர்கள் வாங்கும் சாமானில் பிழைப்பு. விக்டிஸ் படம் போட்டு விளக்கினாள். அடுத்து ஆஸ்முண்ட் எழுந்தார். பழைய தூளைப் போன இலையுதிர் காலத்திலேயே நிறுத்திவிட்டோம், இப்போது போடுவது புதுத் தூள், வேறு சரக்கு என்றார். தண்ணீரில் கரையாது, பாதாளத்துக்குப் போய்ப் படிந்துவிடும், ஒரு உயிருக்கும் கெடுதல் இல்லை.

டோர்குன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதே சொற்கள். ஒரு எழுத்து மாறவில்லை. பழைய தூள் முதன்முதலாக இறங்கிய நாளில் அப்போதைய மேனேஜர், மேல்சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு, இதையேதான் சொன்னார்.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடைக்குப் போனாள். அம்மாவைப் பற்றிச் சொன்னாள். சிவந்த ஜன்னல்களைப் பற்றிச் சொன்னாள். முன்வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவளோடு தொட்டியில் வேலை பார்க்கும் பெரித் குலுங்கி அழுதாள். ஆஸ்முண்ட் போதும் என்பதுபோலத் தலையசைத்தார். அவள் இறங்கவில்லை.

"இன்னும் ஒண்ணு. வாராவாரம் தொட்டியைக் கழுவி விடறது நான்தான். எத்தனையோ வருஷமா விடறேன். குழாயில போகுது. குழாய் எங்க போகுது? உங்க எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அங்க போய் அது என்ன செய்யுதுன்னு நாம யாரும் கேக்கலை. புதுத் தூளும் அதே குழாயிலதான் போகுது. இந்தத் தடவையாவது, இது அங்க போய் என்ன செய்யும்னு முன்னாடியே யாராவது பாத்தீங்களா? ஆஸ்முண்ட், பாத்தீங்களா?"

ஆஸ்முண்ட் கையிலிருந்த தாளை மடித்தார்.

"அப்ப என்ன, ஆலையை மூடச் சொல்றியா?" பின்வரிசையிலிருந்து ஒருத்தன் கத்தினான். "உன் பொண்ணு ரெண்டு மீனைத் தின்னதுக்கு நாங்க எல்லாம் தெருவுல நிக்கணுமா?"

"மூடச் சொல்லலை. கேள்விதான் கேக்கறேன்."

"கேள்வி கேட்டே மூடிடுவே!"

கூட்டம் இரைச்சலாக முடிந்தது. கழிவுநீரைத் தேக்கி வடிகட்ட ஒரு தொட்டி கட்டுகிறோம், வசதி வந்ததும் கட்டுகிறோம் என்று ஆஸ்முண்ட் வாக்குக் கொடுத்தார். கைதட்டினார்கள். வெளியே வந்தபோது டோர்குனோடு வழக்கமாக வீடுவரை நடக்கும் பெண்கள் வேகமாக முன்னால் போய்விட்டார்கள். பெரித் மட்டும் நின்றாள்.

"நீ பேசினது தப்புன்னு நான் சொல்லலை," என்றாள் பெரித். "ஆனா உனக்கு ஒட்வார் இருக்கான். எனக்கு இந்த வேலையை விட்டா என்ன இருக்கு?"

*

கூரோவும் அவள் புருஷனும் அந்தக் கோடையிலேயே வீட்டை விற்றுவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார்கள். ஈவர் அங்கேதான் முதலடி வைத்தான். டோர்குன் அதைப் போனில் கேட்டாள்.

படகுத்துறையில் பலகை நட்டார்கள்: லாகெ ஈரல் உண்ண வேண்டாம். கர்ப்பிணிகளும் தாய்மார்களும் இந்த ஏரி மீனையே தவிர்க்கவும். பிள்ளைகள் அதன்மேல் கல்லை எறிந்து விளையாடினார்கள். கடையில் டோர்குன் வரிசையில் நின்றால் முன்னால் பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். வணக்கம் சொல்வார்கள், சிரிப்பார்கள், அதோடு சரி.

அவள் வேலையை விடவில்லை. விட்டால் சொன்னதற்குப் பயந்து ஓடிவிட்டதாக ஆகிவிடும் என்று நினைத்தாள். தொட்டியருகே போய் நின்றாள், பூசினாள், வாரக் கடைசியில் வால்வைத் திருகினாள். திருகும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளும் பழக்கம் வந்திருந்தது. வடிகட்டும் தொட்டிக்குப் பள்ளம்கூட இன்னும் தோண்டவில்லை.

ஒட்வார்தான் ஆளே மாறிப்போனான். ஏரி உறைந்ததும் வழக்கம்போலப் போனான். துளை போட்டான், தூண்டில் இறக்கினான். லாகெ வந்தது. அந்த ஆண்டு எப்போதையும்விட அதிகமாகவே வந்தது, பிடிக்க ஆளில்லாததால். கொழுத்த மீன்கள். ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்துவிட்டுத் துளைக்குள்ளேயே விட்டான். மீனோடு பேசுகிறவன் இப்போது அதையும் நிறுத்திவிட்டான்.

அந்தப் பனிக்காலத்தில் விக்டிஸ் வந்தாள். குழாயில் சேறும், ஒட்வார் பிடித்துக் கொடுத்த இரண்டு லாகெயும் எடுத்துக்கொண்டு போனாள். பனி இளகுவதற்குள் மறுபடி வந்தாள்.

"இப்பத்தானே எடுத்துட்டுப் போனே," என்றான் ஒட்வார், துளை போட்டுக்கொண்டே.

"எங்க மெஷின்தான் தப்பாக் காட்டுதுன்னு நினைச்சோம்," என்றாள் அவள். "அதனால வேற எடத்துல எடுத்துப் பாக்கலாம்னு."

டோர்குன் பனிக்கட்டி மேல் நின்றிருந்தாள். அன்று காப்பி கொண்டுவர அவளுக்குத் தோன்றவில்லை. "என்ன காட்டுது?"

விக்டிஸ் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். விரலால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "பழைய பொருள் இங்க வரைக்கும் ஏறி, குறைய ஆரம்பிச்சுடுச்சு. நல்ல சேதி." விரல் இன்னும் கொஞ்சம் மேலே போயிற்று. உச்சியில், இன்னும் இறுகாத பழுப்புக் கூழில் நின்றது. "இதுல வேற ஒண்ணு இருக்கு. பழசுக்குத் தம்பி மாதிரி. கிட்டத்தட்ட அதே உடம்பு, கொஞ்சம் முகம் வேற. எங்ககிட்ட அதுக்குச் சரியான அளவுமுறைகூட இல்லை. அதான் முதல்ல நம்பலை."

"புதுத் தூள்."

"ஆமா."

"ஒண்ணரை வருஷத்துக்குள்ளயா?"

"மேலடுக்கு முழுக்க. போன தடவை நீங்க குடுத்த மீன் ஈரலைப் பாத்தோம். அதுலயும் வந்துடுச்சு."

ஒட்வார் துளைபோடும் கருவியைப் பனியில் குத்தி நிறுத்தினான். "இதை ஏரியிலேர்ந்து எடுக்க முடியாதா? சேத்தை வாரிட்டா?"

"கிளறினா எல்லாம் மேல வந்துடும். விட்டுட்டா, வெள்ளம் வரும்போதெல்லாம் அதுவே கிளறிக்கும்." விக்டிஸ் குழாயை மூடினாள். "மேல புதுச் சேறு படிஞ்சு மூடற வரைக்கும் காத்திருக்கணும். படியற சேறு சுத்தமா இருந்தா."

*

வாரக் கடைசி. பகல் ஷிப்ட் முடியப் போகிறது. பெரித் தொட்டியின் பக்கங்களைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். டோர்குன் வால்வின் முன்னால் நின்றாள். கை அதன்மேல் இருந்தது.

"என்ன, மரத்துப்போச்சா?" என்றாள் பெரித். "திருகு. பஸ் போயிடும்."

"நான் திருக மாட்டேன்."

பெரித் சுரண்டுவதை நிறுத்தினாள். பக்கத்து மெஷின்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ போய் ஆஸ்முண்டைக் கூட்டிவந்தார்கள். அவர் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"சேதி எனக்கும் வந்துச்சு டோர்குன். அவங்க ஏரி முழுக்கப் பாக்கலை. ரெண்டு எடத்துல தோண்டினதை வச்சு..."

"ஈரல்லயும் இருக்காம்."

"அதிகாரிங்க தடை சொல்லலை. இதுக்குத் தடை இல்லை, தெரியுமா? சட்டப்படி நாம சரியாத்தான் இருக்கோம்."

"போன தூளுக்கும் தடை இல்லையே ஆஸ்முண்ட். அது என் பேரன் வாய்க்குள்ள போற வரைக்கும் இல்லை."

"திங்கக்கிழமை கப்பல் சரக்கு போகணும். தொட்டி காலியாகணும். நான் என்ன செய்யட்டும்? இந்தப் பாலைத் தலையில தூக்கிக்கிட்டுப் போகவா?" அவர் குரல் உடைந்தது. கோபத்தைவிடக் களைப்பே அதில் அதிகம். "நீ இல்லேன்னா வேற ஒருத்தர் திருகத்தான் போறாங்க. உனக்கே தெரியும்."

"திருகட்டும். நான் இல்லை."

அவர் சுற்றிலும் பார்த்தார். ஒவ்வொருவரும் கையுறையைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள். கடைசியில் பெரித் சுரண்டியைக் கீழே வைத்தாள். டோர்குனின் கையை வால்வின் மேலிருந்து மெல்ல, வலிக்கக் கூடாது என்பதுபோல, விரல் விரலாக எடுத்துவிட்டாள்.

"மன்னிச்சுக்கோடி," என்றாள், காதருகே.

டோர்குன் ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆலை முற்றத்தைக் கடக்கும்போது, காலுக்கடியில், உறைந்த மண்ணுக்குக் கீழே, அது ஓடுவது கேட்டது. முதலில் ஒரு செருமல், பிறகு சீரான ஓட்டம். அவள் நடக்கும் திசையிலேயே அதுவும் போயிற்று. இவ்வளவு காலம் அவள் உள்ளே நின்று திறந்துவிட்டிருக்கிறாள். வெளியே அது போகும் சத்தத்தை ஒருநாளும் கேட்டதில்லை.

வீட்டுக்குப் போகும் பாதையில் திரும்பாமல் அவள் அந்தச் சத்தத்தின் பின்னாலேயே கரைக்கு இறங்கினாள்.

ஏரி மேற்கு வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. தூரத்தில் ஒட்வாரும் அவன் முக்காலியும் ஒரு கறுப்புப் புள்ளி. குழாய் வாயிலில் மட்டும் பனி இல்லை. வெதுவெதுப்பான தண்ணீர் அங்கே ஒரு முற்றத்தளவுக்கு ஏரியைத் திறந்து வைத்திருந்தது. ஆவி பறந்தது. வெள்ளை நிறம் கரையோரமாகப் பரவி, மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஏரி முழுக்க வேறெங்கும் திறந்த தண்ணீர் இல்லாததால் வாத்துகளெல்லாம் அங்கேதான் கூடியிருந்தன. தலையை முக்கி, வாலை ஆட்டி, சந்தோஷமாக மேய்ந்தன.

"போ!" என்று கத்தினாள் டோர்குன். குனிந்து பனியை அள்ளி உருட்டி எறிந்தாள். "போங்க! போய்த் தொலைங்க!"

வாத்துகள் படபடவென்று எழும்பின. ஆவிக்கு மேலே ஒரு வட்டம் போட்டன. அவள் மூச்சு வாங்க நின்றாள். அவை ஒவ்வொன்றாகத் தாழ்ந்து வந்து, வெதுவெதுப்பான அந்த வெள்ளைத் தண்ணீரிலேயே மறுபடி இறங்கின.